குதிரைமேல் யார் முகம்

பாதுவா நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை அந்தெனோர் என் பட்டறை முற்றத்தில் மாட்டுச் சாணி மிதித்துக்கொண்டிருந்தான். வார்ப்பு அச்சுக்காகச் சாணியும் ஆட்டுமயிரும் கலந்த களிமண்ணுக்குள் முழங்கால் வரை இறங்கி, குனிந்த தலை நிமிராமல், சுற்றிச் சுற்றி வந்தான். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அழுத்தி மிதிடா சோம்பேறி, உங்கப்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆட வந்தியா?" என்று கத்தினேன். கத்தாமல் முடியாது. வாசற்படியில் வெனிஸ்காரர்களின் சிப்பாய் ஒருவன் அத்திப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஆட்கள் ஊரெல்லாம் தேடுவது இந்த அந்தெனோரைத்தான்.

அந்தக் கோடையில் எங்கள் ஊர் இரண்டு முறை கைமாறியது. முதலில் பேரரசரின் படை வந்தது. எங்களை ஆண்டுகொண்டிருந்த வெனிஸ்காரர்கள் மேல் கடுப்பில் இருந்த எங்கள் பிரபுக்கள் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு வரவேற்றார்கள். கழுகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு முதல் குதிரையில் ஊர்வலம் வந்தவன் அந்தெனோர். திராட்சை பழுப்பதற்குள் வெனிஸ்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தவர்களில் சிலரைச் சந்தைத் திடலில் தூக்கில் போட்டார்கள். சிலரை விலங்கு மாட்டிப் படகில் ஏற்றினார்கள். கொடி பிடித்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

பிரபுக்கள் வாழ்ந்தாலும் செத்தாலும் எனக்கென்ன என்று இருக்கிறவள் நான். ஆனால் என் அம்மா அவர்கள் வீட்டில் பால் கொடுக்கப் போனவள். எனக்குப் பால் மறக்கடிக்க வேண்டிய நாளில் அவன் பிறந்தான், என் பங்கைக் குடித்து வளர்ந்தான். பெரியவன் ஆன பிறகும், பட்டுச் சட்டையும் இறகுத் தொப்பியுமாகத் தெருவில் போகும்போது என்னைக் கண்டால் குதிரையிலிருந்து குதித்து, "அக்கா, ஓர்சோலாக்கா" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடுவான். எனக்கு வெட்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்து சந்தோஷப்படுவேன். அப்படிப்பட்டவன் முந்தாநாள் பின்பக்கச் சுவரேறிக் குதித்து, என் எதிரே வந்து நின்றபோது, போய்விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் பெல்த்ராமே வெண்கலம் வார்க்கிறவர். பேச்சு அவருக்குக் காசு கொடுத்து வாங்குகிற பொருள் மாதிரி. அந்தெனோரை ஏற இறங்கப் பார்த்தார். "தலைய மழிச்சு விடு, வேலையாள்னு சொல்லிக்கலாம்" என்றார். அவ்வளவுதான், உலைக்குப் போய்விட்டார். எங்கள் வேலையாட்கள் எல்லாம் சண்டைக்குப் பயந்து ஓடியிருந்தார்கள், அதனால் புதிய ஆள் ஒருவன் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கோட்டைக்கு வெளியே ஆற்றங்கரையிலிருந்து பீரங்கிப் பட்டறைக்கு அச்சு செய்யக் களிமண் கொண்டுவரும் வேலையை வெனிஸ்காரர்கள் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு வண்டி போகும்போது கூட அந்தெனோரும் போவான், ஆற்றைத் தாண்டி ஓடிவிடுவான். திட்டம் இவ்வளவுதான்.

அதைக் கெடுத்தது அவன் ஆசைப்பட்ட பொம்மை. ஊர்வலம் வந்த மறுநாளே அந்த ஆடம்பரக்காரன் எங்கள் பட்டறைக்கு வந்து, பழைய ரோமாபுரி வீரனைப் போல் கவசம் போட்டுக் குதிரைமேல் தான் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு முழ உயரத்தில் வெண்கலத்தில் வேண்டும் என்றான். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டானா? விருந்துக்கு விருந்து சொல்லிக்கொண்டு திரிந்தான். குதிரை தனி, வீரன் தனி என்று வார்த்து, வீரனின் அடியில் இருக்கும் முளையைச் சேணத்துத் துளையில் சொருகுவது எங்கள் வழக்கம். குதிரை முடிந்து, முன்கால் தூக்கி, மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. வீரன் மட்டும் இன்னும் களிமண் அச்சுக்குள் இருந்தான், உடைத்துப் பார்க்கவில்லை.

அன்று காலை என் வீட்டுக்காரர் பீரங்கிப் பட்டறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வெனிஸ் அதிகாரி வந்தான். பெயர் ஃபான்தீன். ஒல்லியான ஆள், ஜலதோஷம் பிடித்த மூக்கு, அதட்டவே மாட்டான். அந்தெனோர் துரைக்கு ஒரு குதிரைவீரன் பொம்மை செய்கிறீர்களாமே என்று மரியாதையாகக் கேட்டான். இல்லை என்று எப்படிச் சொல்வேன், குதிரை கண்ணெதிரே நிற்கிறது. வீரன் அச்சுக்குள் இருக்கிறான் என்று காட்டினேன்.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அச்சைத் தட்டிப் பார்த்தான். "எங்க ஆளுங்க ஒருத்தனும் அவன நேர்ல பாத்ததில்லம்மா. உங்க ஊர்ல கேட்டா ஒருத்தன் நெட்டைங்கறான், ஒருத்தன் குட்டைங்கறான். தலைய மழிக்கலாம், துணிய மாத்தலாம். மூக்க மாத்த முடியாது பாருங்க. இத உடைச்சு, மூஞ்சியத் தெளிவாச் சீவி வைங்க. கோயில் மணி அடிக்கிறப்ப வரேன். கோட்டை வாசல்ல வெச்சு, வெளிய போற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் ஒத்துப் பாத்துத்தான் விடப் போறேன்."

அந்த அத்திப்பழச் சிப்பாயைக் காவல் வைத்துவிட்டு அவன் போனான். சிப்பாய் கடல் தாண்டி வந்தவன், எங்கள் பேச்சு அவனுக்குப் புரியாது. கண் மட்டும் நன்றாகத் தெரியும். முற்றத்தில் அந்தெனோர் மிதித்துக்கொண்டே இருந்தான். அவன் கழுத்து நரம்பு துடிப்பது ஜன்னலிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

சுத்தியலை எடுத்து அச்சை உடைத்தேன். சுட்ட மண் பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் கை வந்தது, பிறகு தோள், பிறகு முகம். உலோகம் ஓடிவந்த காம்புகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும், மேலெல்லாம் கருப்பாகக் கரி படிந்திருந்தாலும், அது அந்தெனோரேதான். என் வீட்டுக்காரர் கை அப்படி. எலுமிச்சம்பழம் அளவுத் தலையில் அந்தக் கழுகு மூக்கு, அதன் நடுவில் சின்ன வயதில் என் வீட்டுப் படியில் விழுந்து உடைத்துக்கொண்ட மேடு, எடுப்பான நெற்றி, எல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இதை வாசலில் வைத்தால் குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

வார்ப்பு அவர் வேலை, வார்த்ததை உளியாலும் அரத்தாலும் சீவித் தெளிவாக்குவது என் வேலை. என் அப்பாவிடம் கற்றது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கோயிலுக்கு எதை வார்த்துக் கொடுத்தாலும், மேய்ப்பர் கூட்டத்திலோ சிப்பாய்க் கூட்டத்திலோ ஓரத்தில் தன் முகத்தை நுழைத்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் பூசைக்கு வந்தவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். என் அப்பாவின் முகம் அந்தோணியார் கோயிலில் ஒரு கழுதைக்குப் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது. பெல்த்ராமே மட்டும் அப்படிச் செய்ததே இல்லை. கேட்டால், என் மூஞ்சிக்கு வெண்கலம் ஒரு கேடா என்பார்.

உளியை எடுத்தேன். நிறைய யோசிக்க நேரமில்லை. முதலில் அந்த மூக்கு போக வேண்டும். மேட்டைத் தட்டி அமுக்கி, கழுகு வளைவை அரத்தால் அராவித் தள்ளினேன். மூக்கு தேய்ந்தால் கன்னம் பொருந்தவில்லை, கன்னத்தைக் குடைந்தேன். கன்னம் குழிந்ததும் தாடை நீண்டு தெரிந்தது, அதற்கேற்ப வாயோரம் கோடு போட்டேன். கை இதைச் செய்துகொண்டிருக்க, கண் முழுவதும் சிப்பாய்மேல்தான். அவன் பழத்தை வாயில் போடுகிறான், எழுந்து சோம்பல் முறிக்கிறான், மண் குழியருகே போய் நின்று அந்தெனோரைப் பார்க்கிறான். அவன் அத்திக் காம்பைக் குழிக்குள் எறிந்தான். அந்தெனோர் அதையும் சேர்த்து மிதித்தான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் குரலை உயர்த்தி, வீரனை வெளியே எடுத்துச் சீவச் சொல்லியிருக்கிறார்கள், வாசலில் வைக்கப்போகிறார்களாம் என்று, வேலையைப் பற்றிக் குறை சொல்கிற மாதிரி சொன்னேன். அவருக்குப் புரிந்தது. மேசைப் பக்கம் வரக்கூட இல்லை. அந்தெனோரின் தோளில் ஒரு மண்வெட்டியைச் சாத்தி, வண்டியைப் பூட்டினார். சிப்பாய் கையை நீட்டித் தடுத்தான். பீரங்கிப் பட்டறையின் முத்திரை போட்ட மரவில்லையை அவர் காட்டினார். சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் என் முதுகு நிமிர்ந்தது. இந்நேரம் சாந்தா குரோச்சே கோட்டை வாசலைத் தாண்டியிருப்பார்கள் என்று மனத்துக்குள் வழி கணக்குப் போட்டுக்கொண்டே மிச்ச வேலையை முடித்தேன். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மணி அடித்தது. ஃபான்தீன் சொன்னபடி வந்தான். வீரனைக் குதிரைமேல் அவனே சொருகினான், முற்றத்துக்கு எடுத்துப்போய் வெயிலில் தூக்கிப் பிடித்தான். நானும் அப்போதுதான் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன்.

ஐயோ, அது என் பெல்த்ராமே. சப்பை மூக்கு, ஒட்டிய கன்னம், நீண்ட தாடை, உலை வெக்கையில் சுருங்கிச் சுருங்கி வாயோரம் விழுந்த கோடு. இருபது வருஷமாக விளக்கு வெளிச்சத்தில் எதிரே உட்கார்ந்து சூப்புக் குடிக்கிற மூஞ்சி, ரோமாபுரிக் கவசம் போட்டுக்கொண்டு போர்க்குதிரைமேல் உட்கார்ந்திருந்தது. நான் சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை அதற்குத் தெரிந்த முகத்தைச் செய்துவைத்திருக்கிறது.

சரி, அவர்கள்தான் போய்விட்டார்களே, திரும்பி வருவதற்குள் ஏதாவது செய்யலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஃபான்தீன் தும்மினான். "வாசல்ல பெரிய கூட்டம் நிக்குதும்மா. நான் இதோட வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்காயக்கூட விடாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான். பொம்மையை எடுத்துக்கொண்டு, சிப்பாயையும் பின்னால் ஏற்றிக்கொண்டு குதிரையில் போய்விட்டான்.

உளியைப் போட்ட இடம் தெரியாமல் ஓடினேன். பெரிய தெருவில் அவன் குதிரை போகும், நான் சாயப்பட்டறைச் சந்து வழியாக, காய்கிற துணிகளுக்குள் புகுந்து ஓடினேன். மிதியடி ஒன்று எங்கோ கழன்றது. ஓடும்போதே யோசித்தேன். இவர் என் புருஷன், வார்ப்புக்காரர், ஊருக்கே தெரியும் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். பிறகு இவர் முகம் எப்படி அதில் வந்தது என்று கேட்பார்கள். முகத்தை மாற்றினாயா, யாருக்காக மாற்றினாய், அவன் எங்கே? அவன் வண்டியில் பக்கத்திலேயே நிற்கிறான். சொல்லாமல் இருந்தால் பெல்த்ராமேயின் கழுத்தில் கயிறு. சொன்னால் அந்தெனோரின் கழுத்தில், அவனை ஒளித்ததற்காக எங்கள் கழுத்திலும். எந்தப் பக்கம் போனாலும் அடைப்புதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேலை ஆரம்பித்துவிட்டது. வாசலருகே ஒரு பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் குதிரைவீரனை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவனாக அதன் பக்கத்தில் போய் நிற்க, ஃபான்தீன் பொம்மையைப் பார்ப்பான், ஆளைப் பார்ப்பான், கையை அசைப்பான். வெங்காய வண்டிக்காரன் போனான். துறவி ஒருவர் போனார். அடுத்தது எங்கள் வண்டி.

முதலில் அந்தெனோரைத்தான் நிறுத்தினான். மழித்த தலை, முகமெல்லாம் காய்ந்த சேறு. ஃபான்தீன் அந்தக் கழுகு மூக்கைப் பார்த்தான், பீப்பாய்மேல் இருந்த சப்பை மூக்கைப் பார்த்தான், சாணி நாற்றம் தாங்காமல் போ என்று கையை அசைத்தான். பிறகு என் வீட்டுக்காரர் வந்து நின்றார். ஃபான்தீன் பொம்மையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடியும் பொம்மையைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சிரித்தான்.

"அந்தெனோர் துரை, நடந்தே வந்துட்டீங்களே."

"எம்பேரு பெல்த்ராமே" என்றார் அவர்.

"இருக்கட்டும். போற எடத்துல பேரு யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். இரண்டு சிப்பாய்கள் அவர் கையைப் பின்னால் முறுக்கினார்கள். அவர் தலையைத் திருப்பி அந்தெனோரைப் பார்த்து, போ என்பதுபோல் கண்ணைக் காட்டினார். அந்தெனோர் போகவில்லை. கழுதையின் கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. குனிந்தே இருந்த தோள் நிமிர்ந்தது, கொடி பிடித்துக் குதிரையில் வந்த நாளில் நிமிர்ந்திருந்த அதே தோள். அவன் வாயைத் திறக்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. திறந்தால் எல்லாம் முடிந்தது. அவனுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும், உண்மையைச் சொல்லியாக வேண்டும், ஆனால் வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நீங்க வாங்க என்பதற்குக் கீழே ஒரு வார்த்தை சொன்னதில்லை, எத்தனை சண்டை போட்டாலும் சரி. அன்றைக்கு முழு ஊரும் கேட்க, "யோவ்" என்றேன்.

"யோவ் மானங்கெட்டவனே, என்ன காரியம்யா பண்ணி வெச்சிருக்க? அந்தப் பெரிய மனுசன் அவன் மூஞ்சியச் செய்யச் சொன்னா, நீ உன் மூஞ்சிய வெச்சு வார்த்தியா? வீட்ல ஒரு நல்ல கழுதை வாங்க வக்கில்ல, ஊரான் குதிரைமேல ஏறி உக்காந்துக்கிட்டியா?"

கூட்டம் திரும்பியது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் அவர் மார்பில் ஒரு குத்து விட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னமும் எனக்கு மறக்கவில்லை. பைத்தியமா உனக்கு என்று கேட்கிற பார்வை.

ஃபான்தீன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "பட்டறைக்காரம்மா, இவன் யாரு?"

"என் தலையெழுத்து. கட்டின புருசன். கோயிலுக்கு வார்க்கறவனுங்க ஓரமா ஒரு மூலைல மூஞ்சிய நுழைப்பானுங்க, அது ஊர் வழக்கம். இந்தாளு துரையவே எறக்கிவிட்டுட்டு ஏறி உக்காந்திருக்கான் பாருங்க. கரியும் மண்ணுமா இருந்ததுல சீவுறப்ப எனக்கே தெரியல."

அத்திப்பழச் சிப்பாய் ஃபான்தீனின் காதில் என்னவோ சொன்னான், வண்டியையும் என்னையும் கைகாட்டினான். என் வீட்டில் இவரைப் பார்த்ததைச் சொல்கிறான் போலிருந்தது. ஃபான்தீன் உதட்டைக் கடித்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இது அந்தெனோரின் முகமா இல்லையா, ஊர்க்காரர்கள் சொல்லுங்கள் என்றான்.

அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அந்தெனோரைத் தொட்டிலிலிருந்து அறிந்தவர்கள். அவன் நாலடி தள்ளி, மண் பூசிக்கொண்டு, வெயிலில் நிற்கிறான். அவனைக் காட்டிக்கொடுத்தால் வெகுமதி என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள். ஒரு விரல் நீண்டால் போதும். மீன்காரி தொனாத்தா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளும் நானும் ஒரு கோழி விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவள் பொம்மையைப் பார்த்தாள். கழுதைப் பக்கம் நின்றவனைப் பார்த்தாள், நிதானமாக, தலையிலிருந்து கால் வரை. கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"அந்தெனோர் துரை மூக்குல கயிறு கட்டித் துணி காயப்போடலாம் சாமி. இது வாத்து மிதிச்ச மூக்கு. நம்ம பெல்த்ராமேயோடதுதான்" என்றாள்.

முதலில் ரொட்டிக்காரன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். பெல்த்ராமே, ஈட்டிய எங்கடா வெச்ச என்று ஒருவன் கேட்டான், பேரரசருக்கே தளபதியாகிவிட்டாயா என்று இன்னொருவன். நானும் சிரிக்க வேண்டும், முடியவில்லை, திட்டிக்கொண்டே இருந்தேன். ஃபான்தீனின் காது சிவந்துவிட்டது. அவன் சிரிப்பை விரும்புகிறவன் இல்லை.

"அப்ப அவன் மூஞ்சி எங்க?" என்று கேட்டான். மெழுகில் செய்ததை உருக்கிவிட்டுத்தானே வெண்கலத்தை ஊற்றுகிறோம், வேறு அச்சு கிடையாது என்றேன். அது உண்மைதான். அவன் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினான். "நீ சொல்லு. எதுக்குச் செஞ்ச?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் பீப்பாய்மேல் இருந்த வீரனைப் பார்த்தார். அந்த முகத்தை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆசை" என்றார். "ஆசைதான் ஐயா."

குதிரை ஆசைதானே, ஏற்றிவிடுகிறேன் என்றான் ஃபான்தீன். வேறொரு கழுதையைக் கொண்டுவரச் சொன்னான். பிறகு அந்தெனோர் பக்கம் திரும்பினான். "நீ என்னடா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? பீரங்கிக்கு மண்ணு உங்க முதலாளியம்மாவா கொண்டாருவா? போ!"

அந்தெனோர் அசையாமல் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்த மடையன் இன்னும் கெடுத்துவிடுவான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"கேட்டுச்சா இல்லியா? ஓட்டிக்கிட்டுப் போடா" என்று கத்தினேன். குரல் உடைந்துவிடாமல் இருக்க இன்னொரு வார்த்தை தேவைப்பட்டது. "போனதும் கழுதைக்குத் தண்ணி காட்டு. மறந்து தொலைக்காத."

"சரிங்கம்மா" என்றான். பிறந்ததிலிருந்து அக்கா என்று கூப்பிட்டவன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசல் வளைவின் நிழலுக்குள் போய், அந்தப் பக்க வெயிலில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வாங்கின வேலையில் ஏமாற்றியவனுக்கு எங்கள் ஊரில் என்ன தண்டனையோ அதைக் கொடுத்தார்கள். கழுதைமேல் வாலைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்து, தலையில் காகிதக் கிரீடம் வைத்து, அந்த வெண்கல வீரனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். ஊரைச் சுற்றி ஊர்வலம். முலாம்பழத் தோலும் அழுகின கீரையும் வந்து விழுந்தன. நான் கழுதைக்குப் பக்கத்திலேயே நடந்தேன். திட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பெயர், ஆனால் திட்டு வரவில்லை. அந்தோணியார் கோயில் முன்னால், உயரத்தில் பெரிய வெண்கலக் குதிரைமேல் அந்தக் காலத்துத் தளபதி உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்குக் கீழே போகும்போது ஏறிட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முதுகை வளைக்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் பழவிதை வழிந்தது. அதைத் துடைக்கவில்லை.

குதிரையையும் வீரனையும் பீரங்கிக்கென்று உருக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் தலையை நான் கழுவிவிட்டேன். வண்டி திரும்பி வரவில்லை. ஆள் ஓடிவிட்டான் என்று பீரங்கிப் பட்டறைக்காரர்கள் அலட்டிக்கொள்ளவில்லை, எல்லா வேலையாளும்தான் ஓடுகிறான்.

மறுநாள் வண்டியைத் தேடி நாங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குப் போனோம். வாசலில் சிப்பாய்கள் அவருக்குக் கும்பிடு போட்டுக் கேலி செய்தார்கள். கழுதை ஒரு மரத்து நிழலில் கட்டியிருந்தது, முன்னால் வாளியில் தண்ணீர். வண்டியில் பாதிக்குமேல் மண். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவன் நின்று மண் வெட்டியிருக்கிறான். வேரும் கல்லுமாக, எதற்கும் உதவாத மண். மண்வெட்டிப் பிடியில் ரத்தக் கறை, கொப்புளம் உடைந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். "உன் தம்பிக்கு மண்ணு வெட்டத் தெரியல" என்றார். முந்தின நாளிலிருந்து அவர் பேசின முதல் பேச்சு அது. கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீதான சீவுன?"

"ஆமாங்க."

"நாவிதன் கண்ணாடில பாத்தா நான் அப்படித் தெரியறதில்ல."

"கண்ணாடி என்னத்தக் கண்டுச்சு" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாசலில் அடக்கினது, கழுதைக்குப் பக்கத்தில் நடந்தபோது அடக்கினது, எல்லாம் சேர்ந்து வந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு வண்டியில் ஏறி, அந்த மண்ணிலிருந்து கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட ஆரம்பித்தார்.